வயதுக் கணக்கு

மகள் ஏழாம் தரத்தில் படித்த வருடம் அது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டுப்பாடக் கணக்கோடு உட்கார்ந்திருந்தாள். தாயின் வயது இப்போது மகளின் வயதைப் போல மூன்று மடங்கு. பன்னிரண்டு வருடத்தில் அது இரண்டு மடங்காகிவிடும். இருவருக்கும் இப்போது என்ன வயது?

அவள் பென்சிலால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மகளுக்கு எட்டு என்றால் தாய்க்கு இருபத்து நான்கு. பன்னிரண்டைக் கூட்டினால் இருபதும் முப்பத்தாறும். சரிவரவில்லை. ஒன்பது போட்டாள். அதுவும் சரிவரவில்லை.

பேராதனையில் ஐந்து நாளும் அலுவலக வேலை, சனிக்கிழமை துவைக்க உடுப்பு மூட்டை. எனக்குப் பொறுமை இல்லை. கொப்பியை இழுத்து, அவள் எழுதியதையெல்லாம் அழித்தேன். மகளின் வயது x, தாயின் வயது 3x என்று தொடங்கி ஒவ்வொரு படியாக நான் சொல்ல, அவள் எழுதினாள். விளங்கியதா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

அடுத்த வாரம் கண்டியில் அவளுடைய பாடசாலையில் பெற்றோர் கூட்டம். கணித டீச்சர் அந்தப் பக்கத்தைப் பிரித்து, இந்த முறையை வகுப்பில் இன்னும் படிப்பிக்கவே இல்லை என்றார். வீட்டில் யாராவது சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்டார். பக்கத்தில் நாலைந்து பெற்றோர் நின்றிருந்தார்கள்.

“இல்ல டீச்சர், அவளேதான் செஞ்சா,” என்றேன்.

டீச்சர் சந்தோஷமாக, என்னோடு வந்திருந்த அவளிடம் சோக்கைக் கொடுத்து, கரும்பலகையில் செய்துகாட்டச் சொன்னார். அவள் x என்று எழுதினாள். கீழே 3x என்று எழுதினாள். அதோடு கை நின்றுவிட்டது. மறந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். நான் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பஸ்ஸில், அம்மாதான் சொல்லித்தந்தார் என்று ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

“நானே செஞ்சேன்னு நீங்க சொல்லிட்டீங்களேம்மா. பொறகு நான் எப்படி மாத்திச் சொல்றது?”

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அழித்ததையும் சேர்த்து. அவர் ஏசவில்லை.

“அவ போட்ட வழியும் சரிதாங்க. இன்னும் மூணு வரி போட்டிருந்தா விடை வந்திருக்கும்.”

வீட்டுக்கு வந்து மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரிம்மா,” என்றாள். கோபமாகத் தெரியவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னிடம் கணக்குக் கேட்டு வந்ததில்லை. தேத்தண்ணீர் கொண்டுபோனால் கொப்பியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொள்கிறாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்துவிடுகிறேன்.