உள்ளறைக்குப் போன ஸ்பீக்கர்

திருப்பதி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு டிபி என்று சொன்ன அன்றே, அவளை அத்தையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு, நைனா என்னை ஒரு மியூசிக் சிஸ்டம் கடைக்குள் அழைத்துப் போனார். இந்த நேரத்தில் பாட்டு ஒரு கேடா என்று எட்டு வயதில் எனக்கே ஆத்திரமாக வந்தது.

கடைக்காரர் எல்லாம் சேர்ந்த ஒரே பெட்டியைக் காட்டினார். ஸ்பீக்கர்கூட அதிலேயே பதித்திருந்தது. நைனா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் தனி, சிடி பிளேயர் தனி, ஸ்பீக்கர் இரண்டும் தனித்தனி. ஒன்று அடுத்த அறைக்குப் போக வேண்டும், ஒயர் நீளமாக வேண்டும் என்றார். இரண்டும் ஒரே அறையில் இருந்தால்தான் பாட்டு நன்றாக இருக்கும் என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். நைனா அசையவில்லை.

குப்பம் டவுனுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் அம்மாவுக்கு உள்ளறை. கொஞ்ச நாளைக்கு நானும் தம்பியும் அங்கே போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சாப்பாடும் மாத்திரையும் அத்தை கொண்டுபோவாள். ஒரு ஸ்பீக்கர் அம்மாவோடு இருந்தது, இன்னொன்று எங்களோடு. கிரானைட் ஃபேக்டரிக்குக் கிளம்பும்போதெல்லாம் நைனாவுக்கு ஒரே பேச்சுதான்.

“பாட்ட நிறுத்தாத கண்ணு. அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கட்டும்.”

எனக்கு எங்கே பாட்டில் மனம் போகும்? அம்மா செத்துப்போய்விடுவாளோ என்ற நினைப்புதான் எந்நேரமும். அடிக்கடி கதவில் காதை வைப்பேன். பாட்டு ஓடும்போது அதனூடே இருமல் லேசாகக் கேட்கும். சிடி மாற்றும் நேரத்தில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. நாலைந்து நாள் பார்த்துவிட்டு, இருமலைக் கிளப்பிவிடுவதே பாட்டுதான் என்ற முடிவுக்கு வந்தேன். டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை நைனா கிளம்பியதும் ஒயரையெல்லாம் பிடுங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டேன். செட்டு ரிப்பேர் என்று அத்தையிடம் ஒரு பொய். அன்று முழுக்க உள்ளறையிலிருந்து ஒரு இருமல் கேட்கவில்லை. சந்தோஷத்தில் என் பங்கு முறுக்கையும் தம்பிக்கே கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் வாசலுக்கே ஓடினேன். “அம்மாவுக்கு நல்லாயிடுச்சி நைனா! பாட்ட நிறுத்திட்டேன், ஒரு வாட்டிகூட இருமல!”

நைனாவின் முகம் மாறிப்போனது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், ஒயரைத் தேடி எடுத்து மாட்டி, சத்தத்தைக் கூட்டினார். பிறகு உள்ளறைக் கதவில் வாயை வைத்து, “பாட்டு வந்துடுச்சி. இருமிக்கோ,” என்றார்.

உள்ளேயிருந்து இருமல் வெடித்தது. அப்படி ஓர் இருமலை நான் கேட்டதில்லை, நிற்கவே இல்லை. “நிறுத்து நைனா, அம்மா செத்துடும்!” என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு கத்தினேன். அவர் சத்தத்தை இன்னும் கூட்டினார்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். தான் இருமுவது பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று அந்தப் பஸ் ஸ்டாண்டில் அவள்தான் நைனாவிடம் கேட்டுக்கொண்டாளாம். பல வருஷம் கழித்து அத்தை சொன்னாள். அந்தச் சனிக்கிழமை பகல் முழுக்க அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? நைனா அம்மாவைக் கொல்கிறார் என்றே நினைத்தேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.