கழுத்துப் பக்கத்துப் பிக்கப்

லூர்தம்மாள் வெட்கப்பட்டுத் திரும்பி நிற்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். மேடையில் கூட்டத்துக்குப் பக்கவாட்டில் நின்று கிட்டார் வாசித்தாரே, அது கூச்சம் அல்ல, கணவரிடம் பயம் அல்ல. லூர்தம்மாளின் சாவு வீட்டுக்கு வந்தவர்களில் நாலு பேராவது, "எவ்ளோ அடக்கமான பொம்பள, ஜனத்த நிமிந்துகூடப் பாக்காது" என்று சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டார்கள். மறுத்துப் பேச அது நேரமில்லை. இப்போது பேசலாம்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் காந்தம் இருக்கும். அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக்கம்பிச் சுருள் இருக்கும். கம்பி அதிர்வதை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அந்தச் சுருள்தான். பிக்கப் என்பார்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிவாகப் பேசும். ஆனால் அருகில் டியூப்லைட், சீரியல் செட், ஜெனரேட்டர் எது இருந்தாலும் அதன் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு முனகும். கிட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தால் ஏதோ ஒரு கோணத்தில் முனகல் தேய்ந்துவிடும். லூர்தம்மாள் ஒவ்வொரு மேடையிலும் அந்தக் கோணத்தைத் தேடி நின்றார். அவ்வளவுதான்.

எண்பத்தொன்றாம் வருஷம் அவர் மண்ணூர் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடற்குழுவுக்குக் கிட்டார் வாசிப்பார். பாட மாட்டார், குரல் அவருக்குக் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த கோதண்டராமன் ஒரு மெல்லிசைக் குழுவும் நடத்தினார். அவருடைய கிட்டார்காரருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துப் போய்விடவே, மண்ணூருக்கு வந்து லூர்தம்மாளைக் கூப்பிட்டார். நோட்டீஸில் அவர் படத்தைப் போட்டு "லேடீஸ் கிட்டார்" என்று அடித்தார். ஆண்கள் வாசித்தபோது வெறும் கிட்டார் என்றுதான் இருந்தது.

ஒரு மெல்லிசைக் கச்சேரியில் கிட்டாருக்கு ஒரு வேலை அல்ல. முதலில் சாமி பாட்டு. அதில் வீணை மாதிரி இழைய வேண்டும். அடுத்தது காதல் பாட்டு. பின்னால் மெல்லத் தாளம் தட்ட வேண்டும். நடுவில் மாண்டலின் வரும் இடங்களும் அதன் தலையில்தான் விழும். கடைசியில் கிளப் டான்ஸ் பாட்டு. அதில் சாட்டை அடிப்பது போல விளாச வேண்டும். ஞாயிறு காலையில் அதே கிட்டார் கோயிலில் பத்துப் பெண்களின் குரலுக்கு அடியில் தண்ணீர் போல ஓட வேண்டும். லூர்தம்மாளிடம் இருந்தது கல்கத்தாவில் செய்த கிட்டார். மரமும் கழுத்தும் நல்லவை. பிக்கப் இரண்டும், கழுத்தை ஒட்டியதும் கம்பிகளைத் தாங்கும் பாலத்தை ஒட்டியதும், குப்பை. சுருள் தளர்ந்துபோய், ஒலி கூட்டினால் வீல் என்று கத்தும்.

தண்டலத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் அப்படிக் கத்தியது. கோதண்டராமன் மைக்கைப் பிடித்து, "பயப்படாதீங்க, டீச்சர் பசங்களத் திட்டுறாங்க" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. லூர்தம்மாள் சிரிக்கவில்லை. பிக்கப்பை மாற்றுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

சென்னைக்குக் கணவர் ரத்தினத்தோடு போனார். ரத்தினம் அரிசி மில்லில் மோட்டார் பார்ப்பவர். மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாத்தியக் கடை. கடைக்காரர் ரத்தினத்தை மட்டும்தான் பார்த்தார்.

"சார், இது ஜப்பான் சரக்கு. ரெட்டைச் சுருள். இரைச்சலே வராது. ரெண்டு பக்கமும் இதையே போட்டுக்கங்க, சும்மா அதிரும்."

"வாசிக்கிறது அவங்க. அவங்களாண்ட சொல்லுங்க."

"மேடம் கத்துக்கினு இருக்காங்களா சார்?"

"பத்து வருசமா வாசிக்கிறாங்க. எனக்கு மில்லு மோட்டார்னா தெரியும். இதுல நான் வாயத் தொறந்தா தப்பு."

லூர்தம்மாள் மாட்டியிருந்த கிட்டார்களைக் காட்டி, ஒற்றைச் சுருள் உள்ளதையும் இரட்டைச் சுருள் உள்ளதையும் வாசித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"கம்பி அறுந்துடும் மேடம். நானே வாசிச்சுக் காட்டுறேனே."

அவர் காட்டினார். இரண்டிலும் ஒரே துண்டு, ஒரே வேகம், இரண்டும் உச்ச சத்தத்தில். சத்தம் அதிகமானது ஜெயிக்கும்படியான சோதனை அது. லூர்தம்மாள் கையை நீட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் கிட்டார் அந்தக் கைக்கு வந்தது. ஒலியைப் பாதியாகக் குறைத்தார். மாதா பாட்டு ஒன்றை நிதானமாக வாசித்தார். பிறகு கிளப் டான்ஸ் துண்டு. அடுத்த கிட்டாரிலும் அதே இரண்டு.

இரட்டைச் சுருள் சுத்தமாக இருந்தது. முனகல் இல்லை, வேகப் பாட்டில் முரட்டு பலம். ஆனால் மாதா பாட்டில் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, குழைந்த சோறு மாதிரி. ஒற்றைச் சுருளில் ஆறு கம்பியும் ஆறாகக் கேட்டன. கூடவே கடையின் டியூப்லைட்டும் கேட்டது.

"பாலம் பக்கம் ரெட்டை, கழுத்துப் பக்கம் ஒத்தை. ரெண்டுலயும் ஒவ்வொண்ணு குடுங்க" என்றார் லூர்தம்மாள்.

"செட்டைப் பிரிச்சா மிச்சத்த யாரு வாங்குவா? ஒத்தச் செருப்பு கேக்குற மாதிரி கீது."

"என் கிட்டாருக்கு ரெண்டு வேலை. அதனால ரெண்டு விதம்."

கடைக்காரர் ரத்தினத்தைப் பார்த்தார். ரத்தினம் கூரையைப் பார்த்தார். பிரித்துக் கொடுத்தார்கள்.

இரட்டைச் சுருளுக்கு இடம் போதவில்லை. ரத்தினம் மில்லிலிருந்து உளி கொண்டுவந்து மரத்தைச் செதுக்கினார். வழுக்கிய உளி ஒற்றைச் சுருளின் ஓரத்தில் ஒரு கீறல் போட்டது. ரேடியோ ரிப்பேர் ராஜாமணி கடையில் உட்கார்ந்து ஒயரைப் பற்றவைத்தார்கள். இரண்டும் சம பலத்தில் கேட்க வேண்டும் என்று, பலமானதைக் கீழே இறக்கி, மெலிந்ததைக் கம்பிக்கு அருகே உயர்த்தி, ஒரு சனிக்கிழமை முழுக்க லூர்தம்மாள் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தார். மறுநாள் பூசையில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் முதல்முறையாகப் பேசியது. பாடற்குழுப் பெண்கள் சொல்லாமலே குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

அந்தக் கிட்டார் இப்போது உறைக்குள் பீரோ ஓரமாகச் சாய்ந்திருக்கிறது. கம்பிகளைத் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து வளையும். தளர்த்த யாருக்கும் மனம் வரவில்லை.

கச்சேரிகளில் ஏற்பாடு இப்படி: வேகப் பாட்டுக்குப் பாலம் பக்கப் பிக்கப், கூட்டத்தைப் பார்த்து நிற்பார். மெல்லிய பாட்டுக்குச் சுவிட்சைக் கழுத்துப் பக்கம் தள்ளி, முனகல் தேயும் கோணத்துக்குத் திரும்புவார். கச்சேரி வைத்தவர்கள் சிலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். கோதண்டராமன் கேட்டார்.

"ஜனத்தப் பாத்து நில்லுங்க டீச்சர். நோட்டீஸ்ல உங்க படம் போட்டு இட்டாந்துட்டு, முதுகையா காட்டுறது?"

"மெதுவான பாட்டுக்கு மட்டும்தான் மாஸ்டர் திரும்புறேன். நேரா நின்னா லைட்டு இரைச்சல் ஏறும்."

"அப்ப அந்த பிக்கப்தான் காரணம்ங்கிறீங்க."

"ஆமா. ஆனா அதோட சத்தம் வேற எதுலயும் வராது."

முதல் வார்த்தையை மட்டும் அவர் காதில் வாங்கிக்கொண்டார்.

ஆடி மாதம் பிறக்கும் முன் குழுவின் எல்லா வாத்தியத்திலும் பெயர் எழுதிப் புதுப்பிப்பது வழக்கம். ட்ரம் முகப்பில் பெரிதாக, ஆர்மோனியப் பெட்டியின் பக்கத்தில் நடுத்தரமாக, கிட்டாரில் சிறிதாக. ஊர் ஊராகப் போகும் சீசன். போகிற இடமெல்லாம் பெயர் தெரிய வேண்டும். பெயின்டரிடம் கொடுக்க என்று கிட்டாரை வாங்கிப் போனார்கள். திருவிழா மேடைக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். லூர்தம்மாள் கொடுத்தார். எல்லோரும் கொடுப்பார்கள்.

வாலாஜாபாத் பக்கம் ஓர் ஊரில் அம்மன் திருவிழா. பொழுது சாயும் நேரம். மேடைக்குப் பின்னால் லூர்தம்மாள் உறையைத் திறந்தார். சிவப்புப் பெயின்டில் குழுவின் பெயர் பளபளத்தது. கம்பிகளுக்கு அடியில் இரண்டு வெள்ளி மூடிகள் இருந்தன. கழுத்துப் பக்கத்திலும் இரட்டைச் சுருள்.

"மாஸ்டர், இது என்னா?"

"ஒரு பரிசு டீச்சர். இனிமே இரைச்சல் கிடையாது. ராணி மாதிரி நேரா நின்னு வாசிங்க."

"என்னைக் கேட்டீங்களா?"

"நல்லது செய்றதுக்குக் கேப்பாங்களா?"

"என்னுது எங்க?"

கோதண்டராமன் மைக் ஒயரைச் சுற்றத் தொடங்கினார். அவருடைய மைத்துனர் பாபு புதுக் கிட்டார் ஒன்றைத் தோளில் மாட்டி நின்றிருந்தார்; இந்த சீசனில் இரண்டாவது கிட்டார் அவர். கழுத்துப் பக்கத்தில் ஒல்லியான வெள்ளை பிக்கப். அதன் ஓரத்தில் ரத்தினத்தின் உளி பட்ட கீறல் இருந்தது.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றார் பாபு. "மாமா போட்டுக் குடுத்தாரு. உங்குளுதுன்னு சொல்லவே இல்ல."

லூர்தம்மாள் உடனே கோபப்பட்டுவிடவில்லை. தன் கிட்டாரை மாட்டி, மேடையேறி, முதல் சாமி பாட்டின் துவக்கத்தை வாசித்துப் பார்த்தார். கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக அது ஈரச் சாக்கை இழுத்துப் போவது போல வந்தது. பிறகு இறங்கி வந்தார்.

"கழட்டுங்க. என்னுத என் கிட்டார்ல வையுங்க."

"இப்பவா? ஏழு மணிக்கு ஆரம்பம் டீச்சர். ஊரே உக்காந்துகினு கீது."

"உக்காரட்டும்."

"உங்க வூட்டுக்காரர் எங்க? அவரைக் கூப்புடுங்க. நான் அவராண்ட பேசிக்கிறேன்."

"அவரு பொரி வாங்கப் போயிருக்காரு. கிட்டார் என்னுது. என்கிட்ட பேசுங்க."

"ஒரு சின்ன சாமானுக்கு இவ்ளோ அடமா? யாருக்குத் தெரியப் போவுது வித்தியாசம்?"

"எனக்குத் தெரியுது."

மைக் செட்காரர் மண்ணாங்கட்டி, ஆம்ப்ளிஃபயர் மேல் கையூன்றி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "மாஸ்டர்," என்றார், "நீ தூங்குறப்ப உன் பல்லப் புடுங்கி பாபு வாயில வெச்சிட்டு, இந்தா தங்கப் பல்லுன்னு குடுத்தா ஒத்துக்குவியா?"

"நீ உன் வேலையப் பாரு."

"அதான் பாக்கப் போறேன். டீச்சரக்கா, சால்டரிங் அயன் என் பெட்டியில கீது. பிளக்கு இங்க."

பாபு முதலில் தன் தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றி நீட்டினார். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

ஸ்பீக்கர் பெட்டி மேல் கிட்டார்களைக் கிடத்தி லூர்தம்மாள் வேலையைத் தொடங்கினார். மாற்றியவன் ஒயரை ஒட்டக் கத்தரித்திருந்தான். மண்ணாங்கட்டி மைக் ஒயரில் ஒரு துண்டு வெட்டித் தந்தார். அதை முறுக்கி நீட்டிப் பற்றவைக்க வேண்டியிருந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, வியர்வை கண்ணில் இறங்க, ஈயம் உருகக் காத்திருந்தார். கூட்டத்தில் விசில் எழுந்தது. கோதண்டராமன் மைக்கில், "பொறுத்துக்கங்க, எங்க லேடீஸ் கிட்டார் மேக்கப் போட்டுகினு கீறாங்க" என்றார். சிரிப்பு அலையாக வந்தது. ரத்தினம் பொரிப் பொட்டலத்தோடு வந்தார். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தார்.

கச்சேரி தாமதமாகத்தான் தொடங்கியது. லூர்தம்மாள் எல்லாப் பாட்டுக்கும் வாசித்தார். மெல்லிய பாட்டுகளுக்குத் திரும்பி நின்றே வாசித்தார். சாமி பாட்டில் கம்பிகள் தனித்தனியாகக் கேட்டன. டான்ஸ் பாட்டில் பையன்கள் துண்டைச் சுழற்றினார்கள்.

அந்த வாரமே பாபு மண்ணூருக்கு சைக்கிளில் வந்தார்.

"மாமா அனுப்புனாருக்கா. கும்பல் முன்னால அவர அசிங்கப்படுத்திட்டீங்களாம். லேட் ஆக்குனதுக்கு ஒரு மன்னிப்பு கேட்டுட்டா, மறுபடி வரலாமாம்."

"அவர் என்கிட்ட மன்னிப்பு கேக்குறதப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்லக்கா."

"உனக்கு என்ன தோணுது?"

பாபு சைக்கிள் மணியைத் தடவினார். "நான் அவர் வூட்ல சாப்புடுறேன்க்கா."

லூர்தம்மாள் உள்ளே போய், காகிதத்தில் சுற்றி வைத்திருந்த இரட்டைச் சுருளைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது அவரோடது. குடுத்துடு. உன் கிட்டார்ல எது போடுறதுன்னு நீயே வாசிச்சுப் பாத்து முடிவு பண்ணு."

பிறகு வேறு குழுக்களும் அவரைக் கூப்பிடவில்லை. தகராறு பிடித்த பொம்பளை என்று பெயர் பரவிவிட்டது. அதைப் பரப்பக் கோதண்டராமனுக்கு ஒரு சைக்கிள் கடையே இருந்தது. நோட்டீஸில் மட்டும் அடுத்த சீசனுக்கும் லூர்தம்மாளின் படமே வந்தது. அச்சுக் கட்டை செய்தாகிவிட்டதாம். லூர்தம்மாள் கோயிலில் வாசித்தார், விரல்கள் மடங்காமல் போகும்வரை. மேடை ஏறவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதற்காக அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொல்கிறவர்கள் இன்றும் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறார்கள். பிக்கப்பை முதலில் கழற்றியது யார் என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.