வக்கீல் பிள்ளைக்கு ஒதுங்கிய சாலை

வக்கீல் பிள்ளையின் மோட்டாரில் வலது கைப்பக்கம் ஒரு ரப்பர் பந்து ஹாரன் இருந்தது. அமுக்கினால் சளி பிடித்த எருமை கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரைக்கும் அந்தச் சத்தத்தை அறியாத குழந்தை கிடையாது. அந்திநேரத்தில் அது கேட்டால் போதும், வண்டிக்காரர்கள் மாட்டை ஓடைப் பக்கம் இறக்கி நிறுத்துவார்கள். சந்தையிலிருந்து திரும்பும் பெண்கள் மரச்சீனிக் கிழங்குக் கூடையோடு வேலியோரம் ஒண்டுவார்கள். கடைக்காரர்கள் விளக்கைத் தூக்கிக் காட்டுவார்கள். "வக்கீலேமான் வாறாரு, மாறு மக்கா, மாறு!" என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள். அவர் குடித்திருக்கிறார் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். மழைக்கோள் கண்டால் முற்றத்து நெல்லை அள்ளி வைக்கிறோம், வானத்தைத் திட்டிக்கொண்டா இருக்கிறோம்? அப்படித்தான் அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் அவரிடம் குமஸ்தாவாக இருந்தேன். திருவனந்தபுரம் மகாராஜாவின் ஆட்சிக் காலம். மோட்டார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் டிரைவர் வைத்துத்தான் ஓட்டினார்கள். வக்கீல் பிள்ளைக்கு அது பிடிக்காது. கோர்ட்டு முடிந்து, கட்சிக்காரர்களை அனுப்பி, இரண்டு கிளாஸ் பிராந்தி உள்ளே போனபிறகு தானே வண்டியை எடுப்பார். அமரவிளைப் பாலத்தைத் தாண்டி ஒரு சுற்றுப் போய் வந்தால்தான் அவருக்கு ராத்திரி உறக்கம் வரும். "உள்ளே கொஞ்சம் போனா என் கை நேராவுமாக்கும்" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து நான் அழைக்காத தெய்வமில்லை. எதிரே வரும் கான்ஸ்டபிள் சைக்கிளை விட்டு இறங்கி, சலாம் வைத்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். இத்தனை ஆண்டுகளில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. நானும் அதை அவருடைய சாமர்த்தியம் என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வள்ளியூரில் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. ஆரல்வாய்மொழி சுங்கச் சாவடியைத் தாண்டினால் பிரிட்டிஷ் சீமை. நாங்கள் அதைப் பாண்டி என்போம். அங்கே பணம் வேறு, போலீஸ் வேறு, சட்டம் வேறு. சாலையும் வெயிலும் மட்டும் ஒன்றுதான் என்பதால் வேறு நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்று மனசுக்கு உறைப்பதில்லை. மத்தியானப் பந்தி முடிந்து, வீட்டுக்காரர் உள்ளறைக்கு அழைத்து உபசரித்தார். வெயில் தாழ்ந்தபோது வக்கீல் பிள்ளை வண்டியை எடுத்தார். பணகுடிக்கு இந்தப் பக்கம் முன்னால் ஒரு மாட்டுவண்டி, ஓலை ஏற்றிக்கொண்டு நடுச்சாலையில் போனது. ஹாரன் அடித்தார். வண்டி ஒதுங்கவில்லை. மறுபடி அடித்தார். வேகத்தைக் குறைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. குறைத்துப் பழக்கம் இருந்தால்தானே? மோதியதில் வண்டிக்காரன் கீழே விழுந்தான். மோட்டாரின் முன்சக்கரம் அவன் காலில் ஏறி நின்றது. வக்கீல் பிள்ளை இறங்கி, அலறிக்கொண்டிருந்தவனிடம் முதலில் கேட்டது இதுதான்: "எலே, ஹாரன் அடிச்சது கேக்கலியா?" அது கோபமே அல்ல. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

பாண்டிக் கான்ஸ்டபிள் சலாம் வைக்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். குடித்துவிட்டு ஓட்டி ஆளை முடமாக்கினால் அங்கே அபராதமோ ஜெயிலோ உண்டு, லைசென்ஸும் போய்விடும். நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் எழுதி வைத்திருப்பார்கள்தான். அதன் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இப்போது என் பேரன் வளைகுடாவில் கார் ஓட்டுகிறான். வண்டி வாங்குவதற்கு முன்பே அந்த ஊர்த் தண்டனைகளை எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டானாம். வக்கீல் பிள்ளையோ சட்டம் படித்தவர். அவர் எதற்கு விசாரிக்க வேண்டும்?

குற்றத்தை ஒத்துக்கொண்டு, அடிபட்டவனுக்கு நஷ்டஈடு கொடுத்துக் கைகூப்பினால் அபராதத்தோடு போகும் என்று நாகர்கோவில் வக்கீல்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. "ஒத்துக்கிட்டா திருவனந்தபுரத்திலே என் சன்னதைப் பிடுங்குவானுக. பின்னே நான் என்ன, மரச்சீனி விக்கவா?" என்றார். வக்கீலாகத் தொழில் செய்ய உரிமை தரும் அந்தச் சன்னது போனால் அவர் இல்லை. தன் வழக்கைத் தானே வாதாடப்போவதாகச் சொன்னார். குடித்தது பிராந்தியல்ல, வாயுவுக்கு வைத்தியர் கொடுத்த அரிஷ்டம். தப்பு ஒதுங்காத வண்டிக்காரனுடையது. இதற்கு நான்தான் சாட்சி. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும் கேட்டியா? என் சன்னது உன் நாக்கிலயாக்கும் இருக்கு" என்றார். அவருடைய சன்னதில்தான் என் வீட்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

வண்டிக்காரனைக் கட்டிலோடு தூக்கிவந்து கோர்ட்டில் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. ஏன் ஒதுங்கவில்லை என்று வக்கீல் பிள்ளை அதட்டினார். "கண்ணசந்துட்டேன் அய்யா. மாட்டுக்கு வழி தெரியும்லா, அது பாட்டுக்குப் போவும்" என்றான். கோர்ட்டு சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. அடுத்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

அரிஷ்டத்துக்கு அவர் உடனே வரவில்லை. முதலில் தன் கைத்திறமையை நிறுவப் பார்த்தார். "தினமும் அந்திக்கு மருந்து குடிச்சிட்டு நான் மோட்டார் ஓட்டுறது உண்டா?"

"உண்டு சாரே."

"இத்தனை வருஷத்திலே ஒரு ஆளு, ஒரு ஆடு, ஒரு கோழிக்குஞ்சு என் சக்கரத்திலே பட்டது உண்டா?"

"இல்ல சாரே."

அங்கே நிறுத்தியிருக்கலாம். பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் என்றே நினைத்திருந்தார். "ஏன் படல்ல? கோர்ட்டுக்குச் சொல்லு" என்றார்.

கட்டிலில் கிடந்தவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வீரமெல்லாம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. எத்தனை அந்திகள், எத்தனை வண்டிகள், வேலியோரம் குழந்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற எத்தனை தாய்மார்கள். "எல்லாரும் ஒதுங்கிக் குடுப்பாங்க சாரே. நீங்க குடிச்சிருக்கது அவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

மாஜிஸ்திரேட் அதை எழுதிக்கொண்டார். வக்கீல் பிள்ளை என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். தன் வீட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதியைக் கடைசியாகக் கேட்டவனின் முகம் அது. "வேறே கேள்வி இல்ல" என்று உட்கார்ந்தார். ஒரு மாதம் ஜெயில், வண்டிக்காரனுக்கு நஷ்டஈடு, இனி அந்தச் சீமையில் மோட்டார் ஓட்டக் கூடாது என்று தீர்ப்பானது. அப்பீல் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

சன்னது போகும் என்று பயந்தாரே, அது போகவில்லை. அவர் பேரில் புகார் கொடுக்க நம் நாட்டில் ஆள் இல்லை. "அது பாண்டிச் சீமைக் காரியமாக்கும். மகாராஜா பொன்னுதம்புரான் நாட்டிலே அவர் என்ன குற்றம் செய்தாரு?" என்று வக்கீல் மன்றத்தில் பேசி முடித்துவிட்டார்கள். விடுதலையான அன்று ஜூனியர்கள் அவருடைய மோட்டாரைச் செப்பனிட்டு, மாலையோடு ஆரல்வாய்மொழியில் காத்திருந்தார்கள். என்னைப் போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்து நானும் ஓரமாக நின்றேன். மாலையைக் கழற்றி ஜூனியர் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் "ஏறு" என்றார். அவரே வண்டியை எடுத்தார். ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை.

பாறசாலையை நெருங்கும்போது நல்ல வெளிச்சம் இருந்தது. எதிரே வந்த கட்டைவண்டி எங்களைக் கண்டதும் அவசரமாக ஓடையில் இறங்கி, ஒரு சக்கரம் சேற்றில் புதைந்து சாய்ந்தது. வக்கீல் பிள்ளை மோட்டாரை நிறுத்தி இறங்கினார்.

"எலே, எதுக்குலே ஓடையிலே இறக்குன?"

"ஏமான் வாறது கண்டேன்."

"நான் இண்ணைக்குக் குடிக்கல்ல. வழி அகலமா கிடக்கு. வண்டியை ஏத்து. நீ முதல்ல போ."

அவன் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். வக்கீல் பிள்ளையே சேற்றில் இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார், நானும் பிடித்தேன். வண்டி மேலே ஏறிய பிறகும் அவன் முன்னால் போகவில்லை. "அடியன் ஏதும் தப்பு செய்திருந்தா ஏமான் பொறுக்கணும்" என்று கும்பிட்டான்.

வக்கீல் பிள்ளை என் பக்கம் திரும்பினார். "அங்க ஒருத்தன் எனக்கு ஒரு மாசம் தந்தான். இவன் எங்கிட்ட மாப்பு கேக்கான் பாரு. இந்த ஊரிலே என்னைப் பிடிச்சு நிறுத்த ஆளே இல்லியேடே" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கணத்தில் அவர்மேல் எனக்கு எவ்வளவு இரக்கம் வந்ததோ அவ்வளவு வெறுப்பும் வந்தது. வண்டிக்காரன் நகரவே இல்லை. கடைசியில் நாங்கள்தான் முதலில் போனோம்.

வீட்டுக்கு வந்து குளித்தார், கோயிலுக்குப் போய் வந்தார். அந்திக்குப் பிராந்தி குடித்துவிட்டு மோட்டாரை எடுத்தார். நான் கூடப் போகவில்லை. சாலையில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.