பதினேழாவது பெயர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் அவர் கங்காணி, நான் அவருக்குக் கீழே காய் எடுக்கிறவள். அந்த எழுபதுகளில் எங்கள் ஆட்களில் எந்த ஆம்பளையும் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். வீட்டில் "ஏ புள்ள"தான். ஆனால் காலையில் காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு முன்னால் ஆஜர் எடுக்கும்போது என் பெயரையும் சொல்லித்தானே ஆக வேண்டும்? முப்பத்திரண்டு பேர், நான் பதினேழாவது. வருஷக்கணக்கில் அதே வரிசை, சீட்டைப் பார்க்காமலே சொல்வார். என் பெயர் வரும்போது மட்டும் குரல் இறங்கும். பக்கத்தில் நிற்கிற பெண்கள் என் விலாவில் இடிப்பார்கள். காய் காய்கிற வாசனையும் அந்தப் பனியும் அவர் குரலும், இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஏங்குகிறது.

ஒரு மழைக்காலத்தில், பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பக்கவாதம் வந்து அப்படியே சாய்ந்துவிட்டார். ஜீப்பில் போட்டு மலையிறங்கித் தேனிப் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று வாரத்தில் கால் வந்தது, கையும் ஓரளவு வந்தது. பேச்சு வரவில்லை. நாம் பேசுவது புரியும். செம்பைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், "அது... அது..." என்று தவித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் காலை, பழக்கதோஷம், ஸ்டோர் முன்னால் போய் நின்றார். அவருக்குப் பதிலாக வந்த கங்காணி சீட்டைப் பார்த்து முதல் பெயரைச் சொன்னான். அவ்வளவுதான். இவர் வாயிலிருந்து இரண்டாவது பெயர் வந்தது, மூன்றாவது வந்தது, கடைசி வரைக்கும் தங்குதடையில்லாமல் கொட்டியது. நாங்கள் வாய் பிளந்து நின்றோம். அப்புறம் ஒருத்தி சிரித்தாள்.

மேனேஜர் மலையாளி. நல்ல மனிதர்தான், ஆனால் சந்தேகப் பிராணி. "இத்தனை பேர் பேரு சொல்ற ஆளுக்குச் செம்புன்னு சொல்லத் தெரியலையா? இது அபிநயம், வெறும் நடிப்பு. சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் வீட்டைக் காலி பண்ணணும்" என்றார். வீடு கங்காணி வேலைக்காகக் கொடுத்தது.

மேனேஜரைச் சொல்லி என்ன, நானே நம்பவில்லை. அன்று சாயங்காலம் அவர் முன்னால் நின்று கத்தினேன். "ஊர்க்காரங்க பேரெல்லாம் வருது, கட்டுனவகிட்ட ஒரு வார்த்தை பேச நாக்கு வரலையோ? தெருவுல நிக்கப் போறோம், தெரியுதா?" அவர் கண் கலங்கியது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பின்னால் குரல் கேட்டது. முதல் பெயர். இரண்டாவது. மெதுவாக, ஒவ்வொன்றாக. மண்டை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். பதினேழாவதாக என் பெயரைச் சொல்லிவிட்டு நின்றார். திரும்பினேன். என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். மனுஷன் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சனிக்கிழமை மேனேஜரிடம் நானே போனேன். "வரிசை இல்லாம என் பேரை மட்டும் சொல்லச் சொல்லுங்க சார்." கேட்டார். இவருக்கு நெற்றி வேர்த்தது, உதடு துடித்தது, "அது... அது...". கடைசியில் முதல் ஆளிலிருந்து தொடங்கி என்னிடம் வந்து நின்றார். மேனேஜர் ஆஜர் சீட்டை எடுத்து இவர் கையில் கொடுத்தார். ஆஜர் எடுக்கிற வேலை மட்டும் இவருக்கு என்று ஏற்பாடாயிற்று, வீடு தப்பியது.

பல வருஷம் கழித்து மதுரையில் ஒரு நரம்பு டாக்டர் சொன்னார். "மூளையில அங்கங்க தள்ளித் தள்ளி இருக்கிற பல இடம் ஒண்ணு சேர்ந்தாத்தாம்மா ஒரு வார்த்தை வரும். தேடிச் சொல்றதுக்கு ஒரு கூட்டு, வருஷக்கணக்கா பழகினது தானா வர்றதுக்கு வேற கூட்டு. அவருக்கு முதல் கூட்டுல இணைப்பு அறுந்திருக்கு." திறந்திருந்த வழியாக என்னிடம் சுற்றி வந்திருக்கிறார், நானோ அவர் நடிக்கிறார் என்று நினைத்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு அது எவ்வளவு பாடு என்று தெரிந்த பிறகும், சில சாயங்காலங்களில் என் பெயர் காதில் விழுந்தும் விழாத மாதிரி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். பாவம், மறுபடியும் முதல் ஆளிலிருந்து ஆரம்பிப்பார்.