அண்ணன் வளர்த்த ஓணான்

எண்பதுகளில் தாராவியில் அண்ணன் வீட்டில் தங்கி, மாட்டுங்காவில் டைப்பிங் படித்துக்கொண்டிருந்தேன். வீடு என்றால் ஒரே அறை. அதன் முன்பாதி மளிகைக் கடை. பன் அடுக்குகிற கண்ணாடிப் பெட்டி ஒன்றில் அண்ணன் ஓணான் வளர்த்தான். செம்பூருக்குச் சரக்கு எடுக்கப் போனபோது ஒரு வேலியில் பிடித்தது.

காலையில் பெட்டிக்குள் பல்பைப் போட்டால், உடம்பில் சூடேறி, கறுப்பு கலைந்து வைக்கோல் நிறத்துக்கு வரும். கடைக்கு ஆள் வந்தால் அண்ணன் அதற்கு முகக்கண்ணாடியைக் காட்டுவான். எதிரே இன்னொரு ஓணான் நிற்கிறது என்று நினைத்து அது தலையை ஆட்டும். கழுத்து ரத்தமாகச் சிவக்கும். ஓய்ந்துபோய் வாயைப் பிளக்கிறவரை அவன் கண்ணாடியை எடுக்கமாட்டான். ஆனாலும் அதன்மேல் அவனுக்கு உயிர். தினமும் அதன் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்ப்பான். கறுப்பாக, நுனியில் வெள்ளையோடு விழுந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் சண்டை இல்லை. விழவில்லை என்றால் மைனிக்குத்தான் ஏச்சு. அண்ணன் மனைவியை நாங்கள் மைனி என்போம்.

"இன்னைக்கும் போவலயே. வெதுவெதுன்னு தண்ணியில உக்கார வச்சியா?"

"வச்சேன்."

"வச்சிருந்தா போயிருக்குமே. பொய் சொல்லாத."

எங்களுக்குத் தெருமுனையில் பொதுக் கக்கூஸ். அங்கே சண்டாஸ் என்பார்கள். டப்பாவில் தண்ணீரோடு லைனில் நிற்க வேண்டும். மைனி திரும்பி வரக் கொஞ்சம் நேரமானால், "அங்க என்ன மாநாடா நடக்கு?" என்பான். கடை நேரத்தில் போகவே கூடாது என்று சொல்லியிருந்தான்.

மழைக்காலத்தில் மைனிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. வாசலில் கைவண்டியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு எட்டு போயிட்டு வந்துருதேனே."

"மூட்டை இறங்கட்டும். கல்லாவ யாரு பாப்பா?"

"நான் பாக்கேன், அண்ணே" என்றேன்.

"நீ சும்மா இரி."

மைனி கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்த்தது. பிறகு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைந்து நாறியது. அண்ணன் சிரித்தான். "ஓணான்கூட நேரங்காலம் பாத்துப் போவுது. இவளப் பாருங்க" என்று மூட்டைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர்களும் சிரித்தார்கள். நான் மைனியை உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். அவள் அழவில்லை. சோப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து, அண்ணன் வெளியே போனதும் மைனி பல்பை அணைத்துவிடுவாள். அவன் வருகிற நேரத்துக்கு மறுபடி போட்டுவிடுவாள். நான் பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை தோன்றியதும் இல்லை. கரப்பான்பூச்சிகளை மட்டும் அவள் ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டாள். மழைக் குளிரில் ஓணானுக்குத் தின்றது செரிக்கவில்லை. கரிக்கட்டை போலக் கறுத்தது. வயிறு உப்பியது. எச்சம் நின்றுபோனது.

அண்ணன் கடையை மறந்தான். அதை மடியில் மல்லாத்தி வைத்து, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினான். "எப்படியாவது போயிரு ராசா" என்று கெஞ்சினான். கண்ணாடியைக் காட்டிப் பார்த்தான். அது தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மைனி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"பாவம். அடக்கி வச்சா வலி உயிரு போவும்லா" என்றாள்.

"ஆமாட்டி" என்றான் அண்ணன். அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது செத்துக் கிடந்தது. அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். தாய் செத்தபோதுகூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மைனி அதை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மீன் வாங்கப் போனாள்.

அன்றைக்குக் குழம்பு நன்றாக அமைந்துவிட்டது. அண்ணன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.