தளேகாவில் ஒரு படகு

நிக்டியில் எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தவே இடமில்லை. என் கணவருக்கோ மீன் பிடிக்கப் படகு வேண்டுமாம்.

விளம்பரம் பார்த்து இன்று பக்கத்து ஊரான தளேகாவுக்குப் போனோம். விற்பவர் ஓய்வுபெற்ற மராட்டிக்காரர். அவர் தார்ப்பாயை விலக்கியதும் இவர் படகில் ஏறி உட்கார்ந்து, தண்ணீரே இல்லாத முற்றத்தில் துடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கறது சுலபம் பாவு," என்றார் பெரியவர் இந்தியில், இவரைத் தம்பியாக்கி. "வருஷா வருஷம் மோட்டார் சர்வீஸ், பெயின்ட். அணைக்குக் கொண்டுபோக டெம்போ வாடகை. மழைக்காலம் முழுக்கக் கொட்டகை வாடகை."

"பரவாயில்லை காகா." பதிலுக்கு இவரும் அவரைச் சித்தப்பாவாக்கினார்.

"அடியில விரிசல் வேற இருக்கு."

இவர் இறங்கிக் குனிந்து தேடினார். விரிசலே இல்லை.

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். "வர்றவங்க எல்லாருக்கும் இதே விரிசல்தான். இவருக்கு மூட்டுவலி, படகுல ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதான் நான் விளம்பரம் கொடுத்தேன்."

பெரியவர் தார்ப்பாயை இழுத்தார். இவர் மறுமுனையைப் பிடித்து மூட உதவினார். விலையைக் கேட்கவே இல்லை.

திரும்பும் வழியில் இவர் சொன்னார்: "நானா இருந்தாலும் வித்திருக்க மாட்டேன்டி."

உங்கள் வீட்டிலும் இப்படி விலைக்கு வைத்தும் விற்காத பொருள் ஏதாவது இருக்கிறதா? படகு என்றால் மட்டும் தயவுசெய்து இவரிடம் சொல்லாதீர்கள்.