முந்நூறு வாட்

இதை அனுபவித்தவள் பேய்க் கதை படிக்கிறவள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஒருவர் வாயை மூட முடியாமல் போய்விடும் தொழில். அதனால் எதையும் கூட்டிச் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள். "ஏழு மணி வாக்கில்" என்பதே அவள் வாயில் வராது. "ஏழு நாலு" என்பாள். கீழே வரும் நேரங்கள் எல்லாம் அவள் சொன்னவை. ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை.

தெருவில் அவளைப் பல்லக்கா என்பார்கள். கணவன் பேருந்து ஓட்டுகிறவன். ஒன்பது வயதில் ஒரு மகள். இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. முன்னறை புழங்க, பின்னறை அவள் பட்டறை. பின்னறைக்கு அப்பால் ஒரு ஆள் நிற்கும் அளவு பால்கனி.

அந்த வருடம் தெருவில் பழைய கேபிளை எல்லாம் தோண்டி எடுத்துப் புதிது போட்டார்கள். மூன்று மாதத்துக்கு மாலை ஆறு மணி சுமாருக்குக் கரண்ட் போகும், ஒன்பதுக்குள் வரும் என்று அறிவித்துவிட்டார்கள். பல் மருத்துவமனைகள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவதே மாலையில்தான். காலையில் பல் கையில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள். விளக்குக்கு பேட்டரி போதும், அரைக்கிற மோட்டாருக்கு என்ன செய்வது? இரண்டு ஆர்டர் வேறு ஆளுக்குப் போனது. மூன்றாவதும் போகும் என்று தெரிந்த அன்று ஜெனரேட்டர் கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்காரரை எல்லோரும் வாட் அண்ணன் என்பார்கள். யார் எதைக் கேட்டாலும் முதலில் "எத்தனை வாட்?" என்றுதான் கேட்பார். அவள் தாளில் எழுதியே கொண்டு போயிருந்தாள்.

"மோட்டார் அறுபத்தஞ்சு. விளக்கு பன்னெண்டு. சின்ன ஃபேன் நாப்பது."

"ஆக நூத்திப் பதினேழு. இதுக்குப் போய் யானையைக் கட்டித் தீனி போட வேணாம்மா. ஆட்டுக்குட்டி போதும்."

மூன்றைக் காட்டினார். முதலாவது விலை மலிவு. ஆனால் சத்தம் தெருவையே கூட்டியது. பையில் கொண்டுபோயிருந்த மோட்டாரை அதில் மாட்டிப் பார்த்தாள். கரண்ட் ஏறி இறங்கியது, மோட்டாரும் ஏறி இறங்கிச் சுற்றியது. அப்படிச் சுற்றினால் பல்லில் கோடு விழும். இரண்டாவது புத்தம் புதிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். கரண்ட் சீராக வந்தது, ஆனால் இருபத்திரண்டு கிலோ. மாடிப்படியை நினைத்ததும் இடுப்பு வலித்தது. மூன்றாவது ஒரு சின்னப் பெட்டி அளவுதான். பதின்மூன்று கிலோ. இதுவும் இன்வெர்ட்டர். மோட்டார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இது ஆளைப் பார்த்துக் குரல் எடுக்கும்மா," என்றார். "நீங்க கொஞ்சமா இழுத்தா முணுமுணுக்கும். நிறைய இழுத்தா கத்தும். எவ்வளவு இழுக்குதுன்னு இந்தச் சின்னத் திரையில தெரியும். வெளியில வெச்சுதான் ஓட்டணும். புகை உள்ள வந்துச்சுன்னா ஆளையே முடிச்சிடும்."

"புதுசாண்ணே?"

"பழசுதான். ஆனா ஒரே ஆள் கை. ஒரு தம்பி கொண்டாந்து வெச்சிட்டுப் போனான். விலைகூடப் பேசல."

முகப்பில் இரண்டு சாக்கெட். இடதுபுறம் புதிது போலவே இருந்தது. வலதுபுறம் மட்டும் ஓரம் கறுத்து, தளர்ந்திருந்தது. ஒரே பக்கமாக மென்று தேய்ந்த வாயைப் போல என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் மோட்டாரைக் கழற்றினார். இன்ஜின் உடனே அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. ஐந்து, ஆறு நொடி அதே வேகத்தில் ஓடியது. வேறு யாரோ இன்னும் கழற்றாதது போல... அவர் மேலே ஒரு தட்டு தட்டினார். அடங்கியது.

"புது ஆளைப் பார்த்து முறைக்குது," என்றார். அவளும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

பால்கனியில், புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வைத்தாள். கதவைச் சாத்தினாள். வயரைக் கதவின் அடியில் இருந்த சந்து வழியே உள்ளே இழுத்து, மீதிச் சந்தைத் துணியால் அடைத்தாள். முதல் மூன்று நாள் வேலை ஓடியது. ஆனால் பெட்ரோல் நிற்கவில்லை. ஆறு மணி நேரம் வரும் என்றார் வாட் அண்ணன். மூன்று மணி நேரத்தில் காலியானது. மூன்றாம் நாள் போய்த் திரையைப் பார்த்தாள்.

417.

நூற்றுப் பதினேழு இருக்க வேண்டிய இடத்தில்.

"எவனோ கொக்கி போட்டு இழுக்கிறான்," என்றான் கணவன்.

"ரெண்டாவது மாடி பால்கனிக்கு வந்து எவன் கொக்கி போடுவான்?"

"அப்ப காக்கா ஃபேன் போட்டுத் தூங்குதோ என்னமோ."

கடைக்குப் போன் செய்தாள். "திரை பொய் சொல்லும்மா," என்றார் வாட் அண்ணன். "இன்ஜின் சொல்லாது. காதை வெச்சுக் கேளுங்க."

மறுநாள் புதன்கிழமை. கணவனுக்கு மாலை ஷிஃப்ட். மகள் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். காலை எட்டு மணிக்கு முழுப் பல்செட் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

மாலை 6:12-க்குக் கரண்ட் போனது.

ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து ஓடவிட்டாள். முணுமுணுப்பு. திரையில் 117. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்தாள். மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் தாடைச் சட்டத்தில் பொருத்தினாள். அது பித்தளையில் செய்த கீல் வைத்த சட்டம். வாய் போலவே திறக்கும், மூடும். இரண்டு வரிசையும் சேர்ந்து கடிக்கிறதா என்று பார்த்து, மூடி, தடித்த ரப்பர் பேண்டைச் சுற்றி மேசையில் வைத்தாள்.

6:31. இன்ஜின் குரல் ஏறியது.

அவள் எதையும் புதிதாகப் போடவில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். 417. இன்ஜின் உண்மையாகவே கத்திக்கொண்டிருந்தது. திரை பொய் சொல்லவில்லை.

அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எது திருடுகிறது என்று இன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். உள்ளே வந்து மோட்டாரைக் கழற்றினாள். போய்ப் பார்த்தாள். 352. ஃபேனைக் கழற்றினாள். 312.

கடைசியில் விளக்கையும் கழற்றினாள்.

இருட்டு. போன் வெளிச்சத்தில் பால்கனிக்குப் போனாள்.

300.

இடது சாக்கெட்டிலிருந்து அவளுடைய வயரையே பிடுங்கினாள். இப்போது இரண்டு சாக்கெட்டிலும் ஒன்றும் இல்லை. இன்ஜின் இறங்கவில்லை.

300.

வலது சாக்கெட் பக்கம் கையைக் கொண்டுபோனாள். சுட்டது. அடுப்புக் கல் மாதிரி.

அப்போதுதான் உள்ளே அந்தச் சத்தம் கேட்டது.

டப்... ஸ்ஸ்ஸ்ஸ்...

பின்னறையிலிருந்து. அவள் சற்று முன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து.

டப்... ஸ்ஸ்ஸ்ஸ்...

ஜெனரேட்டரின் எதிரொலி என்று நினைத்தாள். போனைப் பார்த்து எண்ணினாள். சரியாக ஏழு நொடிக்கு ஒரு தடவை. எந்த இன்ஜினும் அப்படி நிதானமாக ஓடாது.

நேரம் 6:58.

ஒவ்வொரு 'ஸ்ஸ்ஸ்' முடிந்ததும் இன்னொரு சத்தம். மெல்லியது. ஈரமானது.

யாரோ மூச்சை உள்ளே இழுக்கிறார்கள்.

வீட்டை விட்டு வெளியே போக வேண்டுமானால் அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். பால்கனிக்கு வேறு வழி இல்லை. அவள் கைக்கு எட்டியது ஒன்றே ஒன்றுதான். ஜெனரேட்டரின் சுவிட்ச்.

7:04. அணைத்தாள்.

அமைதி.

அந்தச் சத்தமும் நின்றது. மூச்சு மட்டும் நிற்கவில்லை.

வேகமாக ஆனது.

பிறகு...

டிங். டிங். டிங்.

எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுகிற சத்தம். அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி.

டிங். டிங்.

நிறுத்தம்.

டிங்... டிங்...

அவள் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். போனில் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிங்...

...

டிங்...

7:09.

அப்புறம் ஒன்றும் இல்லை.

மூச்சும் இல்லை.

7:40-க்குக் கரண்ட் வந்தது. அதுவரை அவள் பால்கனியை விட்டு நகரவில்லை. பின்னறையில் டம்ளரும் இல்லை, ஸ்பூனும் இல்லை. வாசல் கதவில் அவள் உள்பக்கம் போட்ட தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. மேசையில் மட்டும் ஒரு மாற்றம். ரப்பர் பேண்ட் அறுந்து தரையில் கிடந்தது. அவள் இறுக்கி மூடிவைத்த தாடைச் சட்டம் திறந்திருந்தது. கொஞ்சமாக அல்ல. கீல் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம். மேல்வரிசை கூரையைப் பார்க்க, காற்றுக்குத் தவிக்கிற வாய் போல...

"புகை உள்ள வந்து தலை சுத்தியிருக்கும்," என்றான் கணவன், இரவு வந்ததும்.

"நான் வெளியில நின்னேங்க. காத்தும் வெளிப்பக்கம்தான் அடிச்சுது. தலைவலிகூட இல்ல."

அவன் ரப்பர் பேண்டை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தான். மகளை இரண்டு நாள் அத்தை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டான்.

பல்செட் காலை எட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்பதுக்கு ஜெனரேட்டர் வாட் அண்ணன் கடைக்குப் போனது. அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. அந்த இருபத்திரண்டு கிலோ ஜெனரேட்டரைத் தன் கடைப் பையன்களை விட்டு மாடி ஏற்றித் தருவதாகச் சொன்னார். பழையதைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் சாக்கு போட்டு மூடிவைத்தார். கடைசியில் ஒரு சீட்டை நீட்டினார். பழைய ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன தம்பியின் நம்பர்.

அன்று பகல் 11:20-க்குப் போன் செய்தாள். ஆண் குரல். சின்ன வயதுதான். ஜெனரேட்டரை வாங்கிய விவரத்தைச் சொன்னாள்.

"அதை எதுக்கு வாங்கினீங்க தம்பி?"

"எங்கப்பாவுக்கு. ஆக்ஸிஜன் மெஷின் ஓட்ட."

"அது எவ்வளவு இழுக்கும்?"

"முந்நூறு வாட்."

அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அப்பா இப்ப..."

"இறந்துட்டார்."

"பெட்ரோல் தீர்ந்துபோச்சா?"

"இல்லக்கா. டேங்க் நிறைய இருந்துச்சு. புயலுக்கப்புறம் ஒன்பது நாள் கரண்ட் இல்ல. ராப்பகலா அது ஓடிக்கிட்டே இருக்கு. வீட்ல நான் ஒருத்தன்தான். சத்தத்துல கண்ணை மூட முடியல. ஒரு அஞ்சு நிமிஷம்னு அணைச்சுட்டுப் பக்கத்து ரூம்ல படுத்தேன்."

"அவர் கூப்பிடலையா?"

"அவரால பேச முடியாது. வேணும்னா ஸ்பூனால டம்ளரைத் தட்டுவார்."

அவள் அந்தச் சத்தத்தைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. கேட்கக் கூடாது என்று தோன்றியது. இருந்தும் கேட்டாள்.

"நீங்க தூங்கிட்டீங்க. அதான் கேக்கல. இல்லையா தம்பி?"



"கேட்டுச்சுக்கா," என்றான்.